செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மரபுக் கோதுமைக் கடை: சரக்கு நன்று, அட்டை தவறு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் தெருக்களை ஒட்டி, சிறுதானியங்களோடு பாரம்பரியக் கோதுமை வகைகளையும் விற்கும் சிறிய கடை ஒன்று இயங்கி வருகிறது. சம்பா, பன்சி, சர்பதி, சோனா மோதி ஆகிய நான்கு கோதுமைகளும் அங்கே முழுத் தானியமாகக் கிடைக்கின்றன. வாங்குபவர் கேட்கும் பதத்தில், பின்கட்டிலுள்ள கல் எந்திரத்தில் அப்போதே அரைத்தும் தருகிறார்கள். எல்லாவற்றையும் 'நாட்டுக் கோதுமை' என்று கொட்டிக் கலந்துவிடாமல், ஒவ்வொன்றையும் பெயரோடும் விளைந்த ஊரோடும் பிரித்து வைத்திருப்பதற்காகவே இக்கடையை நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் இந்த நான்கும் பிசையும் கையில் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன, அதற்கான காரணம் அவற்றின் மரபணுக்களிலேயே இருக்கிறது.

கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது உருவாகும் குளூட்டன் என்பது, கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு குடும்பங்களைச் சேர்ந்த பல புரதங்கள் பின்னிக்கொண்டு உண்டாக்கும் வலையாகும். கிளையடின்கள் மாவை இழுபட வைக்கின்றன. குளூட்டெனின்கள் இழுத்த மாவை மீண்டும் சுருங்கச் செய்யும் வலிமையைத் தருகின்றன. இவற்றுக்குரிய மரபணுக்கள் பெரும்பாலும் 1-ஆம், 6-ஆம் தொகுதிக் குரோமோசோம்களில் அமைந்துள்ளன. ஒவ்வோர் இடத்திலும் இரகத்துக்கு இரகம் வெவ்வேறு வடிவங்கள் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, D என்னும் மரபணுத் தொகுப்பிலுள்ள 1D குரோமோசோமில் 5+10 என்று ஆய்வாளர்கள் குறிக்கும் குளூட்டெனின் இணை இருந்தால் மாவு விறைப்பாகி, பேக்கரி ரொட்டிக்கு ஏற்றதாக அமையும். 2+12 என்னும் இணை இருந்தால் மாவு தளர்ந்து கொடுக்கும். இந்தியாவின் பழைய கோதுமைகளில் 2+12 பரவலாகக் காணப்படுவதும், தேய்த்தால் சுருங்கிக்கொள்ளாத மென்மையான சப்பாத்தி மாவை நம் நாட்டு அடுப்படிகள் விரும்பி வந்திருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கின்றன.

கடையின் சரக்கில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பா. வட கர்நாடகத்திலிருந்து உமியோடு வருவிக்கப்பட்டு, உமி நீக்கி விற்கப்படும் இது, நீண்டு சிவந்த மணிகளைக் கொண்ட, எம்மர் எனப்படும் பழமையான உமிக் கோதுமை வகை. சாதாரணக் கோதுமைக்கு A, B, D என்ற மூன்று மரபணுத் தொகுப்புகளில் 42 குரோமோசோம்கள் இருக்க, எம்மருக்கு A, B என்ற இரண்டு மட்டுமே, மொத்தம் 28. ஆகவே 1D குரோமோசோமே அதில் இல்லை. 5+10, 2+12 என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பிசைந்த மாவு மிருதுவாகக் கையில் ஒட்டுகிறது, இழுத்தால் எளிதில் அறுபடுகிறது. பரோட்டா வீசுவதற்கு இது உதவாது. ஆனால் கடையில் உடைத்துத் தரும் பெரிய ரவையில் செய்த உப்புமாவும் கஞ்சியும் குழையாமல், மணி மணியாக, மெல்லிய இனிப்போடு அமைகின்றன. சம்பா ரவையை இவ்வளவு தூசியின்றிச் சலித்துத் தரும் இடத்தைச் சேலத்தில் நான் வேறு கண்டதில்லை.

பன்சி, டூரம் எனப்படும் கடினக் கோதுமை இனத்தைச் சேர்ந்தது. அதற்கும் 28 குரோமோசோம்களே. எனினும் எம்மரைவிட அதன் குளூட்டன் கெட்டியானது, மணியும் கடினமானது. கடைக்காரர் இதைச் சேமியாவுக்கும் ரவைக்கும் மட்டுமே பரிந்துரைப்பது முற்றிலும் சரி. மத்தியப் பிரதேசச் சர்பதியில் சப்பாத்தி நன்றாக உப்புகிறது, மாலை வரை விறைப்பதில்லை. குறை சொல்ல ஏதுமில்லை.

சோனா மோதியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்துப் போல் உருண்ட மணிகளைக் கொண்ட இந்தப் பழைய கோதுமையின் சாக்கின்மேல் 'குளூட்டன் குறைவு, கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் ஏற்றது' என்ற அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள். சுவையில் உயர்ந்த மாவுதான், ஆனால் அட்டை சொல்வது தவறு, அதிலும் ஆபத்தான தவறு. சோனா மோதி A, B, D மூன்றும் உடைய 42 குரோமோசோம் கோதுமை. குளூட்டன் உண்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகளிடம் அந்த எதிர்வினையை வலுவாகத் தூண்டுவதாக 2002-இல் அடையாளம் காணப்பட்ட, 33 அமினோ அமிலங்கள் கொண்ட கிளையடின் துண்டு, D தொகுப்பின் மரபணுக்களிலிருந்தே வருகிறது. D இல்லாத சம்பாவில் அந்த முழுத் துண்டு கிடையாது என்றாலும், தீங்கு செய்யும் வேறு கிளையடின் பகுதிகள் அதிலும் உள்ளன; எனவே சம்பாவும் அவர்களுக்கு உகந்ததன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கும் 100 மில்லிகிராமுக்கும் இடையில் குளூட்டன் இருந்தால்தான் 'குளூட்டன் குறைவு' என்று எழுதலாம். ஒரு கிலோ கோதுமை மாவில், எந்த இரகமாயினும், குளூட்டன் பல்லாயிரம் மில்லிகிராம் இருக்கும்.

பழைய கோதுமை உயரமாக வளரும், குட்டை இரகங்கள் வந்த பிறகே குளூட்டன் பெருகியது என்று கடையில் விளக்கம் தருகிறார்கள். அவர்கள் நம்பித்தான் சொல்கிறார்கள், ஐயமில்லை. ஆனால் பசுமைப் புரட்சியின் குட்டைத் தன்மையைத் தந்த மரபணுக்கள் 4B, 4D குரோமோசோம்களில் இருக்கின்றன. குளூட்டன் மரபணுக்கள் இருக்கும் இடம் வேறு. செடியின் உயரத்தைக் கொண்டு மாவின் புரதத்தை முடிவுசெய்ய இயலாது. பழைய இரகங்கள் பலவற்றில் மொத்தப் புரதம் கூடுதலாகவே காணப்படுகிறது. கிளையடினின் பங்கு மிகுந்து குளூட்டெனின் வலு குன்றியிருப்பதால் மாவு மென்மையாகத் தோன்றுகிறது, அவ்வளவே. சம்பாவிலும் குட்டை இரகம் உண்டு: நீலகிரி வெலிங்டனிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிலையம் உருவாக்கிய எச்.டபிள்யூ. 1098 அத்தகையது. ஆகவே ஊர்ப் பெயரோடு இரகப் பெயரையும் எழுதி வைத்தால் இந்தக் கடையின் நேர்மை இன்னும் முழுமை பெறும்.

விலை சாதாரணக் கோதுமையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ரவைக்குச் சம்பாவும் சப்பாத்திக்குச் சர்பதியும் அந்த விலைக்குத் தகுந்தவை. சோனா மோதியை அதன் மணத்துக்காக வாங்கலாம். முழுக் கோதுமை மாவு விரைவில் காறிப்போகும் என்பதால், ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து வாங்குவது நல்லது.

இதே கல்லில்தான் சேர்வராயன் மலைச் சாமையையும் வரகையும் அரைக்கிறார்கள். இடையில் கல்லைத் துடைப்பதோடு சரி. கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ இல்லாதவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. வீட்டில் சீலியாக் நோயாளி இருப்பவர்கள், இங்கே அரைத்த சாமை மாவையும் வாங்கக் கூடாது. திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தரும் சிறுதானியத்தையும் தவிர்த்து, 'குளூட்டன் இல்லாதது' என்று சோதனை செய்து முத்திரையிட்ட பொட்டலத்தையே தேட வேண்டும்.