கோல்ஃப் ஹேண்டிகேப் இறங்க நேரத்தை எதில் போடுவது: தூரமா, ஷார்ட் கேமா, பட்டிங்கா?

படிப்பு போக வாரத்துக்கு ஆறு மணி நேரம் கோல்ஃபுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தூரத்துக்கு அடிக்கும் டிரைவரில் செலவிடுவதா, துளை இருக்கும் கிரீனைச் சுற்றி வெட்ஜோடு (பந்தைத் தூக்கும் மட்டை) ஷார்ட் கேமில் செலவிடுவதா, கிரீனில் பந்தை உருட்டும் பட்டரோடு செலவிடுவதா? கிளப்பில் மூத்தவர்களைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "ஷார்ட் கேமைப் பார், மற்றதெல்லாம் தானாக வரும்" என்பார்கள். ஐம்பது வயதில் ஆட்டத்தைத் தொடங்கியவருக்கு அது நல்ல யோசனைதான். இளம் ஆட்டக்காரருக்கு அது பாதிதான் பொருந்தும். காரணம் உடம்பில் கொஞ்சம் இருக்கிறது, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) கணக்கில் கொஞ்சம் இருக்கிறது. கணக்கை முதலில் பார்ப்போம்; அதைப் பார்க்காமல் பயிற்சித் திட்டம் போடுகிறவர்களே அதிகம்.

கணக்கு எதை எண்ணுகிறது

2020 முதல் நடப்பில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-இன் டிஃபரென்ஷியல்களின் (மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்த ஸ்கோர்) சராசரியே உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். மீதி 12 சுற்றுகள் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் சராசரியில் சேராது. ஒரு சுற்றின் டிஃபரென்ஷியலைக் கண்டுபிடிக்க, திருத்திய ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே அடிக்கக்கூடிய ஸ்கோர்) கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்) வகுக்க வேண்டும். ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128 உள்ள மைதானத்தில் 92 அடித்தால் 20.8 × 113 ÷ 128, அதாவது 18.4. (அன்றைய ஆடுநிலைக்காக ஒரு சிறு திருத்தமும் உண்டு, பெரும்பாலான நாட்களில் அது பூஜ்யம்.)

இதே மைதானத்தில் ஓர் அடி மிச்சப்படுத்தினால் டிஃபரென்ஷியல் 0.88 குறையும். கணக்கில் உள்ள எட்டில் ஒரு சுற்றில் மட்டும் அது நடந்தால் இண்டெக்ஸ் இறங்குவது 0.11. எட்டிலும் நடந்தால்தான் முழு 0.88.

ஸ்கோரைத் திருத்தும் இன்னொரு விதி, நெட் டபுள் போகி: ஒரு ஹோலில் பதியும் உச்சம், அதன் பாரோடு (எதிர்பார்க்கும் அடிகள்) இரண்டும் உங்கள் சலுகை அடியும். கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்தில் கிடைக்கும் சலுகை அடிகள்) 18 உள்ளவருக்கு ஒவ்வொரு ஹோலிலும் ஓர் அடி சலுகை; ஆகவே பார் 4-இல் அவர் பதியக்கூடிய உச்சம் 7. தண்ணீரில் இரண்டு பந்தைத் தொலைத்து 10 அடித்தாலும் ஏழுதான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நாசமான நாளை "பரவாயில்லை" அளவுக்குத் தேற்றுவதால் இண்டெக்ஸ் அநேகமாக அசையாது. நல்ல நாளில் இன்னும் மூன்று அடி குறைத்தால் அசையும். ஒவ்வொரு பயிற்சியையும் இந்தக் கேள்வியோடு எடைபோடலாம்: என் நல்ல நாளின் ஸ்கோரை இது இறக்குமா?

தூரம் எதிர் ஷார்ட் கேம்

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய, ஒவ்வோர் அடியும் எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று அளக்கும் 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ண்டு' அலசல் இந்தப் பழைய சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்தது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் இடையிலான ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியே அடிக்கும் அடிகளிலிருந்து வருகிறது. வெட்ஜும் பட்டரும் சேர்ந்து மீதி ஒரு பங்கு.

அதற்காக நாளை முதல் டிரைவரை மட்டும் சுழற்ற வேண்டாம். இரண்டும் பலன் தரும் வேகம் வேறு. சிப்பிங்கில் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சிறிய அடி) ஒரு தவறைத் திருத்தினால் சில வாரங்களில் ஸ்கோர்கார்டில் தெரியும்; பிறகு மேலே போகப் போகப் பலன் சுருங்கும். தூரம் மாதக்கணக்கில் மெல்ல ஏறும். ஆனால் ஏறியது ஒவ்வொரு பார் 4-லும் பார் 5-லும் வேலை செய்யும். கிளப்பின் (மட்டையின்) வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால், முகத்தின் நடுவில் பட்டால், சுமார் 2.5 யார்டு கூடும். எட்டு மைல் கூட்டினால் 20 யார்டு. இரண்டாவது அடிக்கு 6-அயர்னுக்குப் பதில், குட்டைத் தூரத்துக்கான 8-அயர்ன் கையில் இருக்கும். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடம்பு இந்த வேகத்தைக் கற்றுக்கொள்வது போல பின்னால் கற்றுக்கொள்ளாது. சிப்பிங்கை நாற்பதிலும் கற்கலாம்.

வேகப் பயிற்சி எளிது, ஆனால் கெடுத்துக்கொள்வது அதைவிட எளிது. நன்றாக வார்ம்அப் செய்தபின், டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, கிளப்பின் தலைக்குச் சற்று மேலே ஷாஃப்டை (தண்டை) பற்றி, முழு வேகத்தில் ஐந்து ஸ்விங். 'உஷ்' என்ற சத்தம் பந்து இருக்கும் இடத்திலோ அதைத் தாண்டியோ கேட்க வேண்டும். தோளுக்குப் பின்னாலேயே கேட்டால் வேகத்தை மேலேயே செலவழித்துவிட்டீர்கள். பிறகு டிரைவரை நேராகப் பிடித்து, பந்தில்லாமல் ஐந்து. இப்படி மூன்று சுற்று, ஒவ்வொரு ஸ்விங்குக்கும் நடுவே அரை நிமிட ஓய்வு, வாரத்தில் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் கூடாது. ஓய்வில்லாமல் அடித்துத் தள்ளினால் களைப்பில் மெதுவாகச் சுழற்றவே உடம்பு பழகும். கீழ் முதுகில் வலி வந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். வளரும் வயதில் முதுகெலும்பில் விழும் அழுத்தம் விளையாட்டல்ல.

வேகத்தைக் கூட்டுமுன் பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பார்த்தாக வேண்டும். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் முகத்தில் மெல்லியதாக அடித்துப் பத்துப் பந்து அடியுங்கள். தடங்கள் குதிப்பக்கம் (தண்டு சேரும் ஓரம்) குவிந்திருந்தால், ஸ்லைஸுக்கு (வலப்பக்கம் வளைந்து போகும் அடி) பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது: குதியில் பட்ட பந்து கியர் விளைவால் (முகத்தின் நடு தவறிப் பட்டால் வரும் பக்கச்சுழற்சி) வலப்பக்கம் வளையும் (வலக்கையர்களுக்கு). பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப் முகம் தீர்மானிக்கிறது. வளைவு, முகத்துக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசத்தால் வருகிறது. ஸ்லைஸ் அடிப்பவர் அதை ஈடுகட்ட இன்னும் இடப்பக்கம் நின்று குறிவைப்பார், பாதை இன்னும் இடப்பக்கம் திரும்பும், ஸ்லைஸ் பெரிதாகும். இந்த நிலையில் எட்டு மைல் வேகத்தைச் சேர்த்தால் பந்து பக்கத்து ஹோலின் ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல்பாதை) விழும்.

ஷார்ட் கேமுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், இருபதுக்கு மேல் இண்டெக்ஸ் உள்ளவரைப் பார்க்க வேண்டும். அங்கே நல்ல நாட்களைக் கெடுப்பது கிரீனுக்குப் பத்து யார்டு பக்கத்தில் அடிக்கும் இரட்டைச் சிப்: முதல் அடியில் மண்ணைக் குத்திப் பந்து மூன்றடி நகரும், அடுத்ததில் பந்தின் மேற்பகுதியில் பட்டுக் கிரீனைத் தாண்டி ஓடும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று எடையைப் பின்காலுக்குச் சாய்த்து மணிக்கட்டை மடக்குவது. பாதங்களை நெருக்கி, எடையில் அறுபது எழுபது சதவீதத்தை முன்காலில் வைத்து, அது அங்கேயே இருக்க, பந்தை நடுவிலோ ஒரு விரல் பின்னாலோ வைத்து அடித்தால் பெரும்பாலும் சரியாகும். கைகளை மட்டும் அளவுக்கு மீறி முன்னால் தள்ளாதீர்கள். வெட்ஜின் அடிப்பகுதி தரையில் வழுக்கும் வாய்ப்பைப் பறித்துவிடும், கூர்விளிம்பு மண்ணுக்குள் போகும்.

கிளப் தேர்வுக்கு ஒரு தோராயம்: சமதளக் கிரீனில் 56 டிகிரி வெட்ஜ் பறக்கும் தூரமும் உருளும் தூரமும் ஏறக்குறைய சமம்; பிட்சிங் வெட்ஜ் ஒரு பங்கு பறந்தால் இரண்டு பங்கு உருளும்; 8-அயர்ன் ஒன்றுக்கு மூன்று. லாப் வெட்ஜை (பந்தை மிக உயரமாகத் தூக்கும் வெட்ஜ்) எல்லாவற்றுக்கும் எடுக்கும் பழக்கம் இளம் ஆட்டக்காரர்களுக்கே உரியது. பார்க்க அழகாக இருக்கும், ஸ்கோர்கார்டில் இருக்காது.

பட்டிங்: நீளமா, குட்டையா

தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்திலிருந்து பாதியளவுதான் உள்ளே போடுகிறார்கள். பத்தடி பட்டில் மணிக்கணக்காக நிற்பது அதனால் வீண். மூன்று பட் விழுவது பெரும்பாலும் முதல் பட்டின் தூரம் தவறுவதால்தான். திசை அதில் சின்னக் குற்றவாளி. நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பாதியில் 30, 40, 50 அடியிலிருந்து ஒவ்வொரு பந்தாக, துளையைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் நிறுத்துவது. மறுபாதியில் நான்கடி, பட்டர் தலை மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு டீயை (பந்தைத் தாங்கும் சிறு முளை) ஊன்றி, அவற்றைத் தட்டாமல் அடிப்பது. சுற்றுக்கு எத்தனை பட் என்று எண்ணிக்கொண்டிருப்பது ஏமாற்றும்: கிரீனைத் தவறவிட்டுச் சிப்பில் பக்கத்தில் வைப்பவருக்குப் பட் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே தெரியும்.

டீயில் டிரைவர் எதிர் 3-வுட்

ஹோலின் முதல் அடிக்குப் பலரும் பாதுகாப்பு என்று, டிரைவரைவிடக் குட்டையாக அடிக்கும் 3-வுட்டை எடுக்கிறார்கள். சிதறல் கொஞ்சம்தான் சுருங்கும், தூரத்தில் இருபது யார்டாவது குறையும். டிரைவர் விழும் தூரத்தில் தண்ணீரோ எல்லைக் கோடோ குறுக்கிடுகிறது, 3-வுட் விழும் தூரத்தில் இல்லை என்றால் மட்டும் மாற்றுவது நியாயம். வெறும் ரஃபுக்கு (ஓரத்து நீண்ட புல்) பயந்து மாற்றத் தேவையில்லை. எல்லைக்கு வெளியே போனால் ஓர் அடி தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ரஃபில் இழப்பது அதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

கிரீனை நோக்கி அடிக்கும்போது கிளப் தேர்வு இதைவிட முக்கியம், பயிற்சி நேரமும் கேட்காது. 7-அயர்ன் எவ்வளவு 'போகும்' என்று கேட்டால் இளைஞர்கள் சொல்வது வாழ்நாளின் சிறந்த அடி, அதுவும் உருண்டதையும் சேர்த்து. வேண்டியது பறக்கும் தூரம், பத்து அடியின் நடுப்புள்ளி. அதை வைத்துக் கிரீனின் நடுவுக்குக் குறிவைத்தால் குட்டையாக விழும் பந்துகளில் பாதி கிரீனில் இருக்கும். கொடி எந்த ஓரத்தில் இருந்தாலும் நடுதான்.

ரேஞ்ச் எதிர் மைதானம்

ரேஞ்ச் (பந்தடிப் பயிற்சித் திடல்) மலிவு, ஆனால் பொய் சொல்லும். செயற்கைப் புல்விரிப்பில் பந்துக்கு இரண்டங்குலம் பின்னால் தரையில் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய் நல்ல சத்தம் தரும். புல்லில் அதே அடி பாதி தூரம் போகாது. ஸ்விங்கை மாற்றும் காலத்தில் ஒரே கிளப்பில் இருபது பந்து அடிப்பது சரி. மற்ற நாட்களில் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றி, டிரைவர், 8-அயர்ன், வெட்ஜ் என்று ஹோல் ஆடுவது போல அடித்தால்தான் மைதானத்தில் எதிரொலிக்கும். 9 ஹோல் சுற்றும் ஹேண்டிகேப்பில் பதியலாம் என்பதால் மாலை இரண்டு மணி நேரம் கிடைத்தால் மைதானமே மேல்.

ஆறு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

இண்டெக்ஸ் 24-இல் இருப்பவருக்கு: இரண்டு மணி சிப்பிங், ஒரு மணி பட்டிங், ஒரு மணி டிரைவர் முகத்தின் நடுவைக் கண்டுபிடிப்பதில், மீதி 9 ஹோல். வேகப் பயிற்சி இப்போது வேண்டாம்.

14-இல் இருப்பவருக்குத்தான் தூரம் அதிகம் தரும். வேகப் பயிற்சியும் அயர்னுமாக மூன்று மணி, சிப்பிங்கும் பட்டிங்கும் ஒரு மணி, 9 ஹோல் இரண்டு மணி.

6-க்குக் கீழே வந்தபின் பொதுப் பரிந்துரை செல்லாது. பத்துச் சுற்றுக்குத் தண்டனை அடிகள், 150 யார்டிலிருந்து தவறிய கிரீன்கள், மூன்று பட்கள், இரட்டைச் சிப்கள் ஆகிய நான்கை மட்டும் குறித்து, எது கூடுதலோ அதில் நேரத்தைப் போடுங்கள்.

பயிற்சியாளரா, கைபேசி வீடியோவா

மாதம் ஒருமுறை பயிற்சியாளர், நடுவில் வீடியோ என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். தனியாக வீடியோ எடுப்பவர்கள் வழக்கமாகக் கேமராவை வைக்கும் இடத்தில் தவறுகிறார்கள். பின்னாலிருந்து எடுக்கும்போது அது கைகளின் உயரத்தில், கைகளின் நேர்கோட்டில், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தாலே சரியான பாதையும் கோணலாகத் தெரியும். இல்லாத குற்றத்தைத் திருத்தப் போய் இருக்கும் ஸ்விங்கும் கெடும். தரையில் ஒரு அலைன்மென்ட் குச்சியைப் படுக்க வைத்து, அது திரையில் நேர்செங்குத்தாகத் தெரியும் வரை முக்காலியை நகர்த்திவிட்டுப் பதிவை ஆரம்பியுங்கள்.