கலங்கரை விளக்கங்களைத் தேடிச் சென்ற கடலோரப் பயணம்: வாடகைக் கார் சேவை எப்படி இருந்தது?

சென்னையில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையையும் அதற்குத் தெற்கே கடலை ஒட்டிச் செல்லும் சாலைகளையும் பிடித்துக்கொண்டு, குமரி மாவட்டத்து முட்டம் வரையுள்ள கலங்கரை விளக்கங்களைப் பார்த்துவர, ஓட்டுநருடன் கூடிய வாடகைக் கார் ஒன்றை நானும் என் மனைவியும் எடுத்திருந்தோம். காரும் ஓட்டுநரும் மிக நன்றாக அமைந்தார்கள். கட்டண முறைதான் இத்தகைய பயணத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. இதே முறையைத்தான் பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

ஒரு கலங்கரை விளக்கத்தை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் பகலில் மேலே ஏறிப் பார்ப்பது மட்டும் போதாது. இருட்டிய பிறகு கீழே நின்று அதன் ஒளியையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு விளக்கத்துக்கும் மின்னும் கணக்கு தனித்தனி. அந்த இடைவெளியை எண்ணித்தான், இருட்டில் வரும் மாலுமி தாம் எந்தக் கரையை நெருங்குகிறோம் என்று அறிந்துகொள்வார். சென்னை விளக்கம் 10 விநாடிக்கு 2 முறை மின்னும். புறப்படுவதற்கு முந்தைய மாலை மெரினாவில் நின்று இதை ஓட்டுநரிடம் சொன்னபோது, அவர் தம் கைபேசியில் நேரத்தை ஓடவிட்டு, "சார், இப்ப எண்ணுங்க" என்றார். ஒளிக்கீற்று இரண்டு முறை வந்துபோனது, பிறகு நீண்ட இருள், மறுபடியும் இரண்டு. அதன் பின் ஒவ்வொரு ஊரிலும் எங்களுக்கு முன்பே அவர் எண்ணத் தொடங்கிவிடுவார்.

ஆனால் அந்த நிறுவனத்தின் விதிப்படி ஓட்டுநரின் வேலை நேரம் 12 மணி. காலை 6 மணிக்குப் புறப்பட்டால், விளக்கு ஏற்றும் வேளையில் அது முடிந்துவிடும்; அதற்கு மேல் இரவு பேட்டா தனி. உழைப்பவருக்கு அந்தத் தொகை போய்ச் சேர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. முன்பதிவின்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை, ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கிடும் வழக்கம். சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். மாமல்லபுரத்தில் பாதி நாளைக் கழித்துவிட்டுப் புதுச்சேரியில் தங்குபவர், ஓடாத 100 கிலோமீட்டருக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. கோயில் கோயிலாக விரைந்து செல்லும் பயணத்துக்கு வகுத்த கணக்கு, நின்று நின்று செல்லும் பயணத்தைத் தண்டிக்கிறது.

அந்தப் பாதி நாளை மாமல்லபுரத்துக்குக் கொடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் நிற்கும் பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலின் மேல்தளத்தில்தான், இப்போதைய கோபுரம் எழும்புவதற்கு முன்பு ஆங்கிலேயர் விளக்கு ஏற்றினர். அதன் அருகிலேயே கருங்கல்லால் எழுப்பிய இன்றைய கோபுரம் நிற்கிறது. உள்ளே படிகள் சுழன்று சுழன்று ஏறுகின்றன. மேலே போகப் போக வழி குறுகுவதால், குனிந்துதான் வெளி மாடத்துக்கு வர முடிகிறது. அங்கிருந்து பார்த்தால் கடற்கரைக் கோயில் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தெரிகிறது. பார்வையாளர் நேரத்தை ஓட்டுநர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்ததால், நாங்கள் வாசலில் காத்திருக்க நேரவில்லை.

புதுச்சேரியில் 1836இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிய பழைய விளக்கம், காந்தி சிலைக்கு அருகில் இன்றும் நிற்கிறது. 1979இல் புதிய கோபுரம் அதன் பணியை ஏற்றுக்கொண்டது. நாகப்பட்டினத்தைக் கடந்து, வேதாரண்யத்து உப்பளங்களின் வழியே கோடியக்கரைக்குச் சென்ற பகுதி, இப்பயணத்திலேயே என் மனத்தை மிகவும் பாதித்தது. சோழர் காலத்ததாகக் கருதப்பட்ட செங்கல் விளக்கம் ஒன்று அங்கே இருந்தது. 2004 சுனாமி அதைச் சிதைத்துவிட்டது. சோழமண்டலக் கரை மேற்கே மடங்கிப் பாக் நீரிணைக்குள் நுழையும் முனை இது என்பதால், இங்கே விளக்கு எரிய வேண்டிய தேவை எக்காலத்திலும் இருந்திருக்கிறது. கார் செல்லாத இடத்தில் ஓட்டுநரும் எங்களுடன் இறங்கி நடந்தார். அது அவர் வேலையில் சேர்ந்ததன்று.

மல்லிப்பட்டினத்துக்கு அருகில், சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மனோரா என்னும் கோபுரத்தில் சிறிது நேரம் நின்றோம். தனுஷ்கோடியில் காற்று கடுமையாக இருந்ததால் அதிகம் தாமதிக்கவில்லை. மணப்பாட்டில் மட்டும் மாலை முழுவதும் இருந்தோம். மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயிலும் கலங்கரை விளக்கமும் அருகருகே நிற்க, மீன்பிடி படகுகள் கரையேறும் நேரத்தில் விளக்கு எரியத் தொடங்கியதைப் பார்த்தவர்களுக்கு, 12 மணி நேர விதி எவ்வளவு பொருத்தமற்றது என்பதை விளக்கத் தேவையில்லை. முட்டத்தில் பாறைகளுக்கு மேல் நிற்கும் விளக்கமும் அதே அளவு நேரத்தைக் கேட்கும்.

இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் முன்பணம் கட்டும் முன் சிலவற்றைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அன்றாடக் குறைந்தபட்சத்தை விட்டுவிட்டு, மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துக் கிலோமீட்டரைக் கணக்கிடும்படி கேளுங்கள். இரவு பேட்டா எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்று பயணத்தைத் தொடங்க வேண்டாம். முடிந்தால், கடலோர ஊரைச் சேர்ந்த ஓட்டுநரையே அனுப்பும்படி கேட்டுப் பெறுங்கள்; எங்களுக்கு வந்தவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.