பிராக்கினா பள்ளத்தாக்கு புவியியல் பாதை: என் மதிப்புரை

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போகிறவர்களில் பலர், மலைகள் சூழ்ந்த பெரிய கிண்ணம் போன்ற வில்பெனா பவுண்டைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் இன்னும் அரை நாள் இருந்து பிராக்கினாவையும் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 20 கிலோமீட்டர் மண்சாலை. கூட வர வழிகாட்டி கிடையாது. பூங்கா நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் போதும். வழியில் விளக்கப் பலகைகள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி, படித்து, இறங்கிப் பாறையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கட்டாயம் பிளின்மன் சாலைப் பக்கமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள். அப்போதுதான் பாறைகள் வயதுப்படி வரிசையாக வரும். முதலில் ட்ரெசோனா சுண்ணாம்புக்கல். பூமியைப் பனி மூடிய ஒரு காலத்துக்கு முந்தைய கடலில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட்டுகளை அதில் பார்க்கலாம். அதற்கு மேலே அந்தப் பனிக்காலத்து எலட்டினா பாறைப் படிவம், அப்புறம் பனி முடிந்த பிறகு படிந்த நக்கலீனா.

எனோரமா ஓடையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். பாறையில் ஒரு சிறிய வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். 2004-ல் எடியாக்கரன் என்ற காலகட்டத்தை அறிவித்தபோது, உலகம் முழுவதற்கும் அதன் தொடக்கமாக இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கோடு அது. கோட்டுக்குக் கீழே எலட்டினா: செம்பழுப்பு நிறம், தொட்டால் சொரசொரப்பு. பனி அரைத்து இழுத்து வந்த கற்கள், சின்னதும் பெரியதுமாக, இந்தப் படிவத்தில் ஆங்காங்கே சிக்கிக் கிடக்கின்றன. கோட்டுக்கு மேலே நக்கலீனா டோலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் பாறை): வெளிறிய நிறம், மெல்லிய ஏடுகள். உள்ளங்கையை வைத்தால் பாதி பனிக்காலத்தில் இருக்கும், பாதி அது முடிந்த பிறகான கடலில் இருக்கும்.

எலட்டினாவின் மணல் துகள்களில் பதிந்திருக்கும் காந்தத் திசை கிட்டத்தட்ட கிடைமட்டமானது. பூமியின் காந்தப்புலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தான் அப்படிக் கிடையாக இருக்கும். அதாவது இந்த மணல் படிந்தபோது இந்த நிலம் அங்கேதான் இருந்தது; மணல் படிந்த விதத்தைப் பார்த்தால் அது கடல்மட்டத்தில் இருந்ததும் தெரிகிறது. அங்கேயே பனி என்றால் மற்ற இடங்களின் கதி என்ன? இதையெல்லாம் வைத்துத்தான் புவியியலாளர் ஜோசஃப் கிர்ஷ்விங்க், பூமி முழுவதையும் பனி மூடியிருந்த அந்த நிலையை 1992-ல் 'பனிப்பந்து பூமி' என்று எழுதினார். கடல் முழுக்க உறைந்ததா, நடுவில் திறந்த நீர் மிஞ்சியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நீரின் காரத்தன்மையை அளப்பது என் அன்றாட வேலை என்பதால், என்னைப் பிடித்து நிறுத்தியது மேலே உள்ள டோலமைட்தான். பனி மூடியிருந்த காலத்தில் மழை அநேகமாக இல்லை, பாறை கரைவதும் ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் எரிமலைகள் ஓயவில்லை. அவை கக்கிய கார்பன்-டை-ஆக்சைடு லட்சக்கணக்கான ஆண்டுகள் காற்றில் சேர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் பனி உருகி, வெப்பம் எகிறி, அமில மழை கொட்டியது. பனி பொடியாக்கி வைத்திருந்த பாறை வேகமாகக் கரைந்து, கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் கடலுக்குள் போய்ச் சேர்ந்தன. கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அப்படிக் கடலடியில் கார்பனேட் படிந்தது. இதே வயதில், பனிப்பாறைப் படிவின் தலைமேல் இதே மாதிரி ஓர் அடுக்கு நமீபியாவிலும் வடமேற்கு கனடாவிலும் சீனாவிலும் இருக்கிறது. ஓர் ஊரின் ஆற்றுநீர் மாறியதால் இப்படி நடக்காது. உலகக் கடலே மாறியிருந்தால்தான் நடக்கும்.

இவ்வளவையும் ஒரு சாலையோரப் பலகையில் எழுத முடியாது. அதனால் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் அது வெறும் வெளிறிய பட்டையாகத்தான் தெரியும்.

பாதையின் மற்ற பகுதியும் நல்லதுதான். புனியெரூ படிவத்தில், மேற்கே அக்ராமனில் விழுந்த விண்கல் சிதறடித்த துகள் அடுக்கு இருக்கிறது. சாயங்காலம் பாறைச் சரிவுகளில் மஞ்சள் கால் வாலபிகளை (சிறிய கங்காரு வகை) பார்க்கலாம். பனிப்பந்து பூமிக்கு இன்னொரு சாட்சியான இரும்புப் பாறை மட்டும் இந்த வழியில் வராது. ஆக்சிஜன் இல்லாத கடலில் இரும்பு கரைந்து கிடந்ததற்கு நல்ல சாட்சி, முந்தைய ஸ்டர்ட்டியன் பனிக்காலத்து ஹோலோவிலேனா இரும்புப் பாறை. அது இதே மலைத்தொடரில் வேறு பக்கம் இருக்கிறது.

பள்ளத்தாக்கில் பெட்ரோல், சாப்பாடு, செல்போன் சிக்னல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். சாலை ஓடைப் படுகைக்குள்ளேயே இறங்கி ஏறுவதால், மழை பெய்தால் மூடிவிடுவார்கள். முதல் நாளே விசாரித்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால் மண்சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். இது அட்ன்யமதன்ஹா என்ற பூர்வகுடி மக்களின் நிலம், தேசியப் பூங்காவும்கூட. பாறையை உடைக்கவோ துண்டு எடுத்துவரவோ கூடாது.

என் மதிப்பெண் 5-க்கு 5. அடிலெய்டிலிருந்து வில்பெனாவுக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் நகரத்தின் தெற்குப் புறநகரில் உள்ள ஸ்டர்ட் பள்ளத்தாக்கில் நடந்து பாருங்கள். ஸ்டர்ட்டியன் பனிக்காலத்துக்கு அந்தப் பெயர் அங்கிருந்துதான் வந்தது, அந்தப் பனி விட்டுப்போன பாறையும் அங்கேயே இருக்கிறது.