புத்தக அலமாரித் தட்டுகள்: வருடக்கணக்கில் பயன்படுத்திய அனுபவம்

அலமாரி வாங்கும்போது எல்லோரும் கேட்பது, எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை), பிளைவுட், தேக்கு, இரும்புத் தகடு என்று பலவற்றிலும் வருடக்கணக்கில் புத்தகம் அடுக்கியிருக்கிறேன். பாரம் தாங்காமல் ஒரு தட்டும் உடைந்ததில்லை. ஆனால் தொய்ந்தவை உண்டு. உடையாமல் தாங்குவது வலிமை, வளையாமல் நிற்பது விறைப்பு. புத்தகத் தட்டுக்கு நாம் முதலில் பார்க்க வேண்டியது விறைப்பைத்தான்.

அதிகம் தொய்ந்தது பார்ட்டிகிள் போர்டு. 18 மி.மீ. தடிமன், 30 செ.மீ. அகலம், தாங்கிகளுக்கு நடுவே 80 செ.மீ. இடைவெளி. புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் மீட்டருக்கு 30 கிலோ சுலபமாக வந்துவிடும். இதன் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) சுமார் 2.5 கிகாபாஸ்கல், கணக்குப் போட்டால் நடுவில் 4 மி.மீ.க்குச் சற்று மேல் இறங்கும். அடுக்கிய அன்று அது கண்ணை உறுத்தாது. பிரச்சினை அப்புறம்தான் வருகிறது. ஒரு புத்தகம்கூடக் கூடாமல், தட்டு மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். தொடர் பாரத்தில் மரத்தூளும் பசையும் நாளடைவில் இளகிக் கொடுப்பதன் விளைவு இது. ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோட் 5 இதற்கு எண்ணே தருகிறது. உலர்ந்த உட்புறத்தில் முதல் வளைவு 1 என்றால், காலப்போக்கில் மரம் 1.6, பிளைவுட் 1.8, உலர் சூழலுக்கான பார்ட்டிகிள் போர்டு 3.25 வரை போகும். அதாவது அந்த 4 மி.மீ. கடைசியில் 14 மி.மீ. ஆகிறது! ஈரப்பதம் ஏறி இறங்கும் அறை என்றால் இன்னும் மோசம்.

தொய்ந்த பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச காலம் நேராக இருக்கும், பிறகு மறுபக்கம் தொய்யத் தொடங்கும்.

பிளைவுட் எனக்குத் திருப்தி. ஒரு விஷயத்தை மட்டும் பலகை அறுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்: மேல் அடுக்கின் ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் விறைப்பு கணிசமாகக் குறையும். தேக்கைப் பற்றிக் குறையே இல்லை. யங் குணகம் சுமார் 11, 12 கிகாபாஸ்கல் இருப்பதால் அதே அளவில் முதல் வளைவு 1 மி.மீ.தான்.

ஆனால் பொருளை மாற்றுவதைவிட அளவை மாற்றுவதுதான் பெரிய பலன் தருகிறது. மீட்டருக்கு அதே பாரம் என்றால் வளைவு இடைவெளியின் நான்காம் படியாக ஏறும். 90 செ.மீ.யை 60 ஆகக் குறைத்தால் வளைவு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தடிமனுக்கு மூன்றாம் படி: இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்கு. இரும்பின் குணகம் 200 கிகாபாஸ்கல் என்றாலும், மெல்லிய தகடு அப்படியே வைத்தால் துவளும். ஓரங்களை மடித்த பிறகுதான் அது தட்டாகிறது. வலிமை கூடிய எஃகு ரகம் தேடினாலும் இதில் லாபம் இல்லை, குணகம் ஏறக்குறைய ஒன்றேதான்.

அந்த மடிப்பின் வேலையை மரத்தில் ஒரு சட்டம் செய்கிறது. 20 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. உயரமும் உள்ள மரச்சட்டத்தை நிற்கும் வாக்கில் தட்டின் முன் விளிம்பில் ஒட்டினால், அந்தச் சிறு சட்டம் மட்டுமே முழு பார்ட்டிகிள் பலகையைப் போல் ஏறக்குறைய 3 மடங்கு விறைப்பு கொண்டது. என் அனுபவத்தில் இதைவிட மலிவான, நிச்சயமான வழி வேறில்லை. சட்டம் முன்பக்கத்தை மட்டுமே தூக்கிப் பிடிப்பதால், பின்விளிம்புக்கும் சுவரில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துவிடுங்கள். தட்டு ஏற்கெனவே தொய்ந்திருந்தால், புத்தகங்களை இறக்கி, பலகையை நேராக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும்.