ஊருக்குப் போன இடத்தில் வாந்தி பேதி

இந்த முறை ஊரில் இருந்தபோது, தம்பியின் பத்து மாதப் பையன் முதல் எழுபதைத் தாண்டிய அப்பா வரை வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வாந்தி பேதியில் படுத்துவிட்டார்கள். மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமம். இங்கிலாந்திலிருந்து கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கும், வயதான பெற்றோரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் விழுந்தது என் கணவரும் தம்பியும். ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்வந்த மறுநாள் ஆரம்பித்தது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆளுக்கொரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். இருவருக்கும் காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கியது. வைரஸால் வரும் பேதிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. அதைவிட, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குள் குட்டிப்பையனுக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி பல் முளைக்கிற பேதி என்றார், இன்னொருவர் தொக்கம் எடுக்கச் சொன்னார். நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

அங்கே செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" பையனின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. கண் குழி விழவில்லை, அழுதால் கண்ணீர் வந்தது. அப்புறம் தடுப்பூசி அட்டையை வாங்கி பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து மூன்று தவணையும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14 வாரங்களில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ககன்தீப் காங் போன்ற ஆராய்ச்சியாளர்கள் ரோட்டா வைரஸைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததும் இதன் பின்னால் இருக்கிறது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பரிசோதிக்காமல் எந்த வைரஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வயதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை ரோட்டாதான் கடுமையாகத் தாக்கும். சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் வரலாம், ஆனால் ஆபத்தான நிலைக்குப் போவது குறைவு. அடினோ வைரஸின் 40, 41 வகைகளும் சின்னக் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும், ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். நோரோ வைரஸுக்கு வயது வித்தியாசமே இல்லை. ஒரு தடவை வந்தவருக்குத் திரும்பவும் வரும், விருந்து, விடுதி, கப்பல் என்று கூட்டம் கூடும் இடத்தில் ஒரே வீச்சில் பலரைச் சாய்க்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வந்தது இதுவாகத்தான் இருக்கும் என்றார்.

எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்: இழந்த நீரைத் திருப்பிக் கொடுப்பது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்மதிப்பில் கலக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார் செவிலியர். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்று தம்பி மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு அதிக பயம் அப்பாவை நினைத்துத்தான். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. டாக்டர், "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டு, பிரஷருக்காக அவர் எடுக்கும் நீர் பிரியும் மாத்திரையை பேதி நிற்கும்வரை நிறுத்தச் சொன்னார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியிலும் கரைசலிலும் தேறினார்.

மெடிக்கல் ஷாப்பில் கவனமாக இருங்கள். கரைசல் கேட்டால் பழச்சுவைப் பாக்கெட் பானத்தை நீட்டுவார்கள். சர்க்கரை அதிகமான பானம் பேதியைக் கூட்டிவிடும். தூள் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாம் பையில் கொண்டுபோகிற சானிட்டைசரை நோரோ விஷயத்தில் நம்ப முடியாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் கை கொடுக்கும். வாந்தி எடுத்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தோம். வாந்தி பேதி நின்ற பிறகும் இரண்டு நாளைக்கு யாரையும் சமையல்கட்டுப் பக்கம் விடவில்லை.

குழந்தை ஆறு மணி நேரம் ஒண்ணுக்குப் போகவில்லை, துவண்டு கிடக்கிறது, குடிக்க மறுக்கிறது, மலத்தில் ரத்தம் வருகிறது என்றால் கரைசலோடு வீட்டில் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இங்கிலாந்தில் பிறந்த குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள், 8, 12 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே முதல் தவணையை 15 வாரம் ஆவதற்குள் போட்டாக வேண்டும். தவறினால் பிறகு கொடுக்க மாட்டார்கள்.