பொடியும் பொடி எழுத்தும்

காலை ஆறு மணிக்கே டிவி ஓட ஆரம்பித்துவிடுகிற வீடா உங்களுடையது? அதன் முன்னால் அப்பாவோ அம்மாவோ காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்களா? அப்படியானால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்று டப்பா சூரணத்துக்கு 6,800 ரூபாய் ஏமாந்தோம். பணம் போனால் போகிறது. ஆர்டர் போட்டு, கூகுள் பேயில் பணம் கட்டியவன் நான் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பா ராஜபாளையத்தில் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மளிகைக் கடைச் சிட்டையை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கிற ஆள். அவருக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்திரை மாதம் ஒரு நாள் திருப்பூருக்கு எனக்குப் போன் போட்டார். "தம்பி, மாத்திரையே இல்லாம சர்க்கரைய வேரோட எடுக்கிற டாக்டர் ஒருத்தர் டிவியில வர்றார். நம்ம சேனல்லதான்" என்றார்.

அந்த 'நம்ம சேனல்'தான் விஷயமே. இருபது வருடமாக ஏழு மணிச் செய்திக்கு அவர் வேறு சேனல் வைத்ததில்லை. புயல் எங்கே கரையைக் கடக்கும், ஓட்டு எண்ணிக்கையில் யார் முந்துகிறார் எல்லாமே அவர்கள் சொன்னால்தான் அவருக்குச் செய்தி. அதே லோகோ மேல் மூலையில் இருக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவரையும் அந்தச் செய்திக்காரர்கள் விசாரித்துத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். நான் அதைக்கூட நினைக்கவில்லை. ஆபீஸ் நேரம், மேனேஜர் கூப்பிடுகிறார். "சரிப்பா, நம்பர அனுப்புங்க" என்று சொல்லி, மூன்று மாத கோர்ஸுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பார்சலில் மூன்று டப்பாவோடு ஒரு பத்தியத் தாளும் வந்தது. ராத்திரி சோறு கூடாது, இனிப்பு கூடாது, தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பத்தே நாளில் சர்க்கரை இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? மாத்திரையும் ஓடுகிறது, ராத்திரி சோறும் நின்றுவிட்டது, நடையும் சேர்ந்தாயிற்று. ஆனால் பெயர் தட்டிக்கொண்டு போனது பொடி.

அப்புறம்தான் போன் வந்தது. ஹெல்த் அட்வைசராம். குரலைக் கேட்டால் நம் வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை "அப்பா, அப்பா" என்பாள். "இங்கிலீஷ் மருந்தையும் இதையும் சேர்த்துச் சாப்பிட்டா பொடி முழுசா வேலை செய்யாதுப்பா" என்று சொல்லியிருக்கிறாள். எழுத்தில் ஒரு வரி கிடையாது, எல்லாம் வாய்மொழி. அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது மாதத்தில் ராத்திரி நான்கு முறை எழுந்து பாத்ரூம் போக ஆரம்பித்ததும் அதே பெண்ணிடம்தான் கேட்டிருக்கிறார். "உடம்புல உள்ள கழிவெல்லாம் வெளியேறுதுப்பா, நல்ல அறிகுறி" என்றாளாம். எடை குறைவதும் நல்ல அறிகுறிதானாம். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

ஆடிப்பூரத் தேருக்காக ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டு அப்பா வெளியே வந்தபோது, அது யாரோ இரவல் கொடுத்த சட்டை மாதிரி தொங்கியது. செருப்பு வார் உரசிய இடத்தில், கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. தேர் பார்க்கப் போகவில்லை, லேபுக்குப் போனோம். வெறும் வயிற்றில் 312. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, முந்தைய ரிப்போர்ட்டில் 7.4 இருந்தது, 11.2 ஆகியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டு போனதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அப்புறம் என்னிடம் கொடுத்து, "இதுல சர்க்கரை நோய்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்" என்றார். எங்குமே இல்லை. முன்பக்கம் இலை படம், பெரிய எழுத்தில் பெயர். பின்பக்கம் பதினான்கு இலக்க எண் ஒன்று. அது உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற உரிம எண், ஊறுகாய் பாட்டிலிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் இருக்குமே, அதேதான். சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ என்றால் மருந்து தயாரிக்கும் உரிம எண் இருக்க வேண்டும், அது இல்லை. அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி: மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல. டிவியில் மருந்து, டப்பாவில் தின்பண்டம்!

மறுநாள் காலை அப்பாவோடு உட்கார்ந்து நானும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். சிரித்த முகமாக ஒரு பெண், "நேயர்களே, இன்னைக்கு நம்மோட..." என்று ஆரம்பிக்கிறார். செய்தி வாசிக்கிற மாதிரியே மேசை, பின்னால் அதே நீல வெளிச்சம். ஆரம்பத்தில் நான்கைந்து நொடி, கீழே வலது மூலையில், 'விளம்பரதாரர் நிகழ்ச்சி, இதில் கூறப்படும் கருத்துகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் வந்து போனது. அப்பாவின் கண்ணுக்கு அது எறும்புகூட இல்லை. பாதியில் நேயர் ஒருவர் விருதுநகரிலிருந்து போனில் வந்தார். மூன்றே மாதத்தில் குணமாம். போனை வைக்கும்போது, "டாக்டருக்கும் நிகழ்ச்சிக் குழுவுக்கும் பொங்கல் வாழ்த்துகள்" என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆடி மாதம். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டார்.

சித்தப்பா பையன் மதுரையில் விளம்பர ஏஜென்சி ஒன்றில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். "அண்ணே, அது ஸ்லாட். அரை மணி நேரத்தைப் பார்ட்டி காசு கொடுத்து வாங்கிடுவான். ஷூட்டிங் அவன் செலவு, தொகுப்பாளினிக்குச் சம்பளம் அவன் குடுக்கிறது, போன் பண்றவனும் அவன் ஆளு. டேப்பைக் கொண்டுவந்து குடுத்தா சேனல்காரன் ஓட்டுவான். செய்திப் பிரிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றான். காலை நேரத்தில் பெரிய கம்பெனிக்காரர்கள் விளம்பரம் தர மாட்டார்கள், பார்க்கிற கூட்டம் குறைவு. சும்மா கிடக்கிற நேரத்தை விற்றால் சேனலுக்கு லாபம். அந்த நேரத்தில் விழித்திருப்பது யார்? தூக்கம் வராத பெரியவர்கள். அதனால்தான் சர்க்கரை, முழங்கால், ராசிக்கல், வீட்டுமனை என்று வரிசையாக ஓடுகிறது. அந்தப் பார்ட்டி காசு கொடுத்தது அரை மணி நேரத்துக்கு என்றுதான் ரசீதில் இருக்கும். எங்கள் அப்பா ஏழு மணிச் செய்தி மேல் வைத்திருந்த இருபது வருட நம்பிக்கை ரசீதில் ஏறாமல் கூடவே போய்விட்டது.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. 54 நோய்களைப் பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது, அதில் நீரிழிவும் உண்டு. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. ஒளி, ஒலி, புகை எதன் வழியாக அறிவித்தாலும் அது விளம்பரம்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டெல்லிக்கே டிவி வந்தது 1959-ல், அதற்கு ஐந்து வருடம் முன்பே புகையைக்கூட யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! கேபிள் டிவி விதிகளிலும், விளம்பரம் எது நிகழ்ச்சி எது என்று தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும், மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. ஆனால் அதே சட்டத்தில், வழக்கமான தொழிலாக விளம்பரத்தை வெளியிட்டவர் தப்பிக்க ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தடை உத்தரவு போட்டது தெரிந்தே வெளியிட்டால்தான் அந்த வாசல் மூடும். பொடிக்கு அடுத்த மாதம் வேறு பெயர் வைத்துவிட்டால் எந்த உத்தரவு, யாருக்குத் தெரியும்?

பேப்பரும் சளைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு ஒன்றை அப்பா மடித்து வைத்திருந்தார். அதே டாக்டர், அதே போட்டோ, பேட்டி மாதிரி முழுப் பக்கம். எழுத்துருகூட மற்றச் செய்திகளுடையதுதான். மேலே ஓரத்தில் 'விளம்பரப் பகுதி' என்று இரண்டு வார்த்தை. டிவியில் பார்த்ததைப் பேப்பர் உறுதி செய்கிறது, பேப்பரில் வந்ததை டிவி காட்டுகிறது. அப்பாவுக்கு அது இரண்டு சாட்சி. காசு கொடுத்தவன் ஒருத்தன்தான்.

புகார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனிக்குப் போன் செய்தால், சீல் உடைத்தால் திருப்பி வாங்க மாட்டோம் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்த பிறகு, உடைக்காத ஒரு டப்பாவுக்கு மட்டும் பணம் வந்தது. சேனலுக்கு எழுதிய மெயிலுக்கு, கருத்துகள் விளம்பரதாரருடையவை என்று ஒரு வரி பதில். விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன், எதற்கும் பதிவாகட்டும் என்று. நீங்கள் புகார் கொடுப்பதானால் பணம் கட்டிய ரசீது, டப்பாவின் நான்கு பக்கப் போட்டோ, நிகழ்ச்சி ஓடும்போது திரையை எடுத்த வீடியோ மூன்றும் வேண்டும். போன் பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் எங்களுக்கு அடி. மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கு எங்களிடம் ஆதாரமே இல்லை.

அப்பா மாத்திரைக்குத் திரும்பிவிட்டார், கூடவே இப்போது ஒரு ஊசி. புண் ஆறிவிட்டது. ஆனால் இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்த முதல் பத்து நாளில் சர்க்கரை இறங்கிய சந்தோஷத்தில், நிகழ்ச்சியை வெட்டி லோகோவோடு யூடியூபில் போட்டிருந்த துண்டை அப்பா ஐந்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். அது எங்கெல்லாமோ சுற்றி, 'பலமுறை பகிரப்பட்டது' என்ற அடையாளத்தோடு அவருக்கே திரும்பி வந்தது. ஏமாந்தது தெரிந்ததும், அதே ஐந்து குழுக்களிலும் நடந்ததையெல்லாம் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்து போட்டார். இரண்டு கட்டைவிரல், ஒரு கும்பிடு. ஒருத்தரும் அதை வேறு யாருக்கும் அனுப்பவில்லை.

சத்திரப்பட்டியில் இருக்கிற பெரியப்பா, அப்பா அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் பொடி வாங்கினார். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொல்லி அப்பா போன் போட்டால், "முதல்ல நீ அனுப்பினது டிவியில வந்ததுடா. இப்ப அனுப்பினது நீயா எழுதினதுதானே?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் சத்திரப்பட்டி போகிறோம். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.