கேலக்ஸி ஜூ ரிவ்யூ: வாழைமரத்தை எண்ணி கல்யாணக் கணக்கு போடற வேலை

மொதல்லயே சொல்லிடறேன், இது காசு குடுத்து வாங்கற சாமான் இல்ல. ஜூனிவர்ஸ்னு ஒரு தளம் இருக்கு, அதுல கேலக்ஸி ஜூன்னு ஒரு இலவச சேவை. ஒரு கேலக்ஸி போட்டோவைக் காட்டும், அது உருண்டையா மொழுமொழுன்னு இருக்கா, சுருள் கை இருக்கா, பக்கத்துல இன்னொண்ணு மோதிட்டு இருக்கான்னு பாத்து நாம பட்டனை அமுக்கணும், அவ்ளோதான் வேலை. சம்பளம் கெடையாது, அக்கவுன்ட் கூட கட்டாயம் இல்ல, போனதும் நேரா ஆரம்பிச்சுடலாம். ஆறு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அரை மணி நேரம் இதுலதான் உக்கார்றேன், எங்க வீட்ல இதுக்கு வச்சிருக்கற பேரு "அழுக்கு போட்டோ".

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2007 ஜூலைல ஆரம்பிச்சது. ஆக்ஸ்ஃபோர்டுல கெவின் ஷவின்ஸ்கின்னு ஒருத்தர் ஒரே வாரத்துல 50,000 கேலக்ஸியை தன் கண்ணாலயே பாத்து பிரிச்சுட்டு நொந்து போயிருக்காரு, பாக்க வேண்டியதோ கிட்டத்தட்ட 9 லட்சம். அவரும் கிறிஸ் லின்டாட்டும் சேந்து, ஊர்ல இருக்கறவங்ககிட்டயே குடுத்துப் பாப்போமேன்னு, வானத்தை பகுதி பகுதியா போட்டோ எடுத்த ஸ்லோன் சர்வேயோட படங்களை நெட்ல போட்டாங்க. ஒரு நாள் ஆகறதுக்குள்ள மணிக்கு 70,000 பதில் வர ஆரம்பிச்சுடுச்சு, மொத வருஷத்துலயே ஒன்றரை லட்சம் பேர் சேந்து 5 கோடி பதில் போட்டுட்டாங்க. ஒரே படத்தை பல பேருக்கு காட்டறதால ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல தப்பா அமுக்கினாலும் மத்தவங்க பதில்ல அது அடிபட்டுப் போயிடும், என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது பெரிய நிம்மதி.

இப்ப அனுபவத்துக்கு வர்றேன். நூறு படம் பாத்தா பெரும்பாலானது போரடிக்கும், உண்மையைச் சொல்லணும்ல. மஞ்சளா ஒரு இட்லி, அடுத்ததும் இட்லி, அதுக்கடுத்தது கொஞ்சம் நசுங்கின இட்லி. எல்லாத்துக்கும் வழவழன்னு இருக்குன்னு அமுக்கிட்டே போவீங்க. திடீர்னு ஒண்ணு வரும் பாருங்க, எனக்கு மறக்காத ஒண்ணு: நடுவுல ரெண்டு மஞ்சள் மொட்டு, கிட்டக் கிட்ட, அதுல ஒண்ணுலருந்து நீலமா ஒரு வால் கெளம்பி, ஜடை அவுந்த மாதிரி படத்தோட ஓரம் வரைக்கும் போயி அங்க ஒரு சின்ன முடிச்சு. நான் சேர்ல நிமிந்து உக்காந்துட்டேன். அந்த வால் ஒரு கேலக்ஸியோட ஈர்ப்பு இன்னொண்ணோட நட்சத்திரங்களையும் வாயுவையும் இழுத்து வெளிய வீசினது. 1972லயே டூம்ரே சகோதரர்கள் அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்து, இந்த வாலெல்லாம் ஈர்ப்பாலயே வரும்னு காட்டிட்டாங்க. இதுல பேர் வாங்கின ஜோடி ஆன்டெனா கேலக்ஸிகள், நம்ம அஸ்த நட்சத்திரம் இருக்கற பக்கத்துலயே இருக்கு, வெறும் கண்ணுக்கு தெரியாது.

மோதல்னதும் நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டிக்கும்னு நெனைக்காதீங்க, நட்சத்திரங்களுக்கு நடுவுல அவ்ளோ எடம் இருக்கு, அதுங்க பாட்டுக்கு கடந்து போயிடும். முட்டிக்கறது வாயு மேகங்கதான், அதுலதான் புது நட்சத்திரம் கொத்துக் கொத்தா பொறக்கும், நீலமா தெரியறது அதுதான்.

சரி, நான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கு காரணம் என் அண்ணன் பொண்ணு. எட்டாவது படிக்கறா, லீவுக்கு வந்திருந்தப்ப பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "சித்தப்பா, இது மாதிரி மோதல் ஒரு கேலக்ஸிக்கு எத்தனை தடவை நடக்கும்?"னு கேட்டுட்டா. நான் ரொம்பத் தெரிஞ்ச மாதிரி, இதோ இவ்ளோ பேர் எண்ணியிருக்காங்கல்ல, அதை வச்சு சொல்லிடலாம்னேன். எண்ணினது என்னன்னு தேடினா, கேலக்ஸி ஜூ பதில்களை வச்சு 2010ல டார்க்குங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 3,003 மோதல் ஜோடிகளைப் பொறுக்கியிருக்காங்க, பக்கத்துல இருக்கற பிரபஞ்சத்துல மோதிட்டு இருக்கறது சுமார் 1லருந்து 3 சதவீதம்னு வந்திருக்கு, கொஞ்சம் திருத்தம் போட்டா அதுக்கு ஒன்றரை மடங்கு. அவ விடல. "நூத்துல ரெண்டுன்னா சரி, ஆனா எத்தனை தடவைன்னுதானே கேட்டேன்?"

அப்பதான் எனக்கு ஒறைச்சுது, நம்ம கையில இருக்கறது வெறும் போட்டோ, வீடியோ இல்ல.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். முகூர்த்த நாள் அன்னிக்கு தெருவுல நடந்து போறேன்னு வச்சுக்கோ. நூறு வீட்ல ரெண்டு வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கு. இதை வச்சு வருஷத்துக்கு எத்தனை கல்யாணம்னு சொல்ல முடியுமா? முடியாது, கட்டின வாழைமரம் எத்தனை நாள் நிக்கும்னு தெரியணும். ஒரு நாள்ல அவுத்துடறாங்கன்னா கல்யாணம் ஏகப்பட்டது நடக்குதுன்னு அர்த்தம், காஞ்சு சருகாகி ஒரு மாசம் தொங்குதுன்னா நாம போன மாச கல்யாணத்தையும் சேத்துதான் எண்ணிட்டு இருக்கோம்.

கேலக்ஸிலயும் அதே கணக்குதான். வாலும் கோணலும் சுமார் 50 கோடி வருஷம் கண்ணுக்கு தெரியும்னு வச்சா, நூத்துல ரெண்டுங்கறது 100 கோடி வருஷத்துக்கு நூத்துல நாலு மோதல்னு ஆகும், அதாவது இப்ப இருக்கற வேகத்துல ஒரு கேலக்ஸி தன் முறைக்கு 2,500 கோடி வருஷம் காத்திருக்கணும். பிரபஞ்சத்துக்கே வயசு 1,380 கோடிதான். அப்ப இப்போதைக்கு கல்யாண சீசன் முடிஞ்சு ஆடி மாசம் நடக்குதுன்னு வச்சுக்கலாம். ஆனா அந்த 50 கோடிய 100 கோடின்னு மாத்துங்க, மோதல் எண்ணிக்கை பாதியாயிடும், காத்திருக்கற காலம் ரெண்டு மடங்காயிடும். இந்த ஒரு நம்பரை வச்சுத்தான் பல வருஷமா ஆளாளுக்கு மடங்கு கணக்குல வேற வேற விடை சொல்லிட்டு இருந்தாங்க, அப்பறம் கம்ப்யூட்டர்ல மோதல்களை ஓட்டி, அதை தொலைநோக்கில பாத்தா எவ்ளோ நாள் மோதல்னு தெரியும்னு, எண்ணற ஒவ்வொரு வழிக்கும் தனியா அளந்த பிறகுதான் சண்டை கொஞ்சம் அடங்கிச்சு.

இதுல இன்னொரு சிக்கல், எல்லா வீட்டு வாழைமரமும் ஒரே மாதிரி நிக்கறதில்ல. வாயு நெறைய இருக்கற சுருள் கேலக்ஸிங்க மோதினா நீலமா, பளிச்சுன்னு, ரொம்ப நாளைக்கு அடையாளம் நிக்கும். வாயு தீந்துபோன ரெண்டு நீள்வட்ட கேலக்ஸி சேந்தா சத்தமே இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் மாதிரி முடிஞ்சுடும், லேசா ஒரு மங்கல் பொகை தெரியும், அதுவும் சீக்கிரம் போயிடும். அந்த 3,003 ஜோடில சுருள் ரகம் வழக்கமான விகிதத்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அதிகமா இருந்துச்சாம், சுருளுக்கு ஆசை ஜாஸ்தின்னு இல்ல, அதோட வாழைமரம் ரொம்ப நாள் நிக்குதுங்கறதுதான் அவங்க குடுத்த விளக்கம்.

வாழைமரம் கட்டினாலே கல்யாணம்னும் கெடையாது, கிரகப்பிரவேசமா இருக்கலாம். பழைய காலத்து கேலக்ஸிங்க தனியா இருக்கறப்பவே கட்டி கட்டியா, கோணல் மாணலாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள அவ்ளோ வாயு. பாக்க மோதல் மாதிரியே இருக்கும், நானே எத்தனை தடவை ஏமாந்திருக்கேன். அதவிட மானம் போனது வேற ஒண்ணு: மஞ்சள் ஒண்ணு நீலம் ஒண்ணு ஒட்டிட்டு நிக்க, மோதல்னு அமுக்கிட்டு ஒரு பெருமையோட சர்வே விவரத்தைப் போய் பாத்தா ரெண்டோட ரெட்ஷிஃப்ட்டும் (பிரபஞ்சம் விரியறதால வெளிச்சம் எவ்ளோ சிவப்புப் பக்கம் நகந்திருக்குங்கற அளவு, இது ஜாஸ்தின்னா தூரமும் ஜாஸ்தி) சம்பந்தமே இல்ல, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பல கோடி ஒளியாண்டு பின்னாடி. பஸ் ஸ்டாப்ல பக்கத்து பக்கத்துல நின்ன ரெண்டு பேருக்கு நான் கல்யாணமே பண்ணி வச்சுட்டேன். கேலக்ஸி ஜூ பட்டன் பக்கத்துல தூரத்தைக் காட்டாததும் இதுக்கு ஒரு காரணம், ஆனா அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன், தூரம் தெரிஞ்சா கண்ணு அதுக்கேத்த மாதிரி பாக்க ஆரம்பிச்சுடும்.

தூரம் போகப் போக இன்னும் மோசம். ரெட்ஷிஃப்ட் 1ல, அதாவது சுமார் 780 கோடி வருஷத்துக்கு முன்னாடி கெளம்பின வெளிச்சத்துல, பரப்போட பிரகாசம் 16ல ஒரு பங்கா மங்கிடும், ரெட்ஷிஃப்ட் 2ல 81ல ஒரு பங்கு. மொதல்ல காணாம போறது அந்த மெல்லிசு வாலுதான். அதனால தூரத்துல எண்ணறவங்க பல பேர் வாழைமரத்தை விட்டுட்டு நிச்சயம் ஆன ஜோடிகளை எண்றாங்க: ஒரு லட்சம் ஒளியாண்டு அளவுக்குள்ள, ரெண்டுக்கும் தூரம் ஒண்ணா, எடை நாலுக்கு ஒண்ணுக்கு மேல வித்தியாசம் இல்லாம இருந்தா பெரிய மோதல்னு கணக்கு. இதுலயும் நிச்சயத்துக்கும் தாலிக்கும் எவ்ளோ நாள் இடைவெளிங்கற கேள்வி அப்படியே நிக்குது.

இப்படியெல்லாம் கஷ்டப்பட்டு என்ன கெடைச்சுதுன்னா, ரெட்ஷிஃப்ட் 1 வரைக்கும் பின்னாடி போனா மோதற கேலக்ஸிங்க விகிதம் இன்னிக்கு இருக்கறத விட பல மடங்கு ஏறுது. ஒண்ணு கூட்டல் ரெட்ஷிஃப்ட்டை (இங்க அது ரெண்டு) ரெண்டு இல்லன்னா மூணு தடவை பெருக்கற மாதிரின்னு சொல்றாங்க, அப்டின்னா 4லருந்து 8 மடங்கு. பெருத்த கேலக்ஸிங்க, பத்தாயிரம் கோடி சூரியன் எடைக்கு மேல உள்ளதுங்க, அதோட கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கடைசி 1,100 கோடி வருஷத்துல அதுக்கு எத்தனை பெரிய மோதல்னு கேட்டா, ஆய்வுக்கு ஆய்வு அரைலருந்து ரெண்டு வரைக்கும் சொல்றாங்க, நடுவுல ஒண்ணுன்னு வச்சுக்கலாம். அவ்ளோதானான்னு எனக்கு ஏமாத்தமாவே இருந்துச்சு, நான் என்னமோ பெருசெல்லாம் பத்து பன்னெண்டு தடவை மோதி வளந்திருக்கும்னு நெனச்சேன். ஆனா 1,000 கோடி வருஷத்துக்கு முன்னாடி இதே எடையுள்ள, புது நட்சத்திரம் பொறக்கறது நின்னு அடங்கிப்போன கேலக்ஸிங்க இன்னிக்கு இருக்கறத விட மூணு நாலு மடங்கு சின்ன சைஸ்ல இறுக்கமா இருந்திருக்கு. ஒரு பெரிய மோதலால மட்டும் அது இவ்ளோ ஊத முடியாது, சின்னச் சின்ன கேலக்ஸிங்களை கொறிச்சு கொறிச்சு வெளிப்பக்கம் சதை போட்டிருக்குன்னு இப்ப பல பேர் சொல்றாங்க. கல்யாணச் சாப்பாடு ஒரு வேளைதான், ஒடம்பு ஏறினது தெனசரி நொறுக்குத் தீனியில.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்த பிறகு இன்னும் பின்னாடி எண்ணியிருக்காங்க, ரெட்ஷிஃப்ட் 6 வாக்குல வரைக்கும் மோதல் வேகம் ஏறிட்டே போயி அப்பறம் தட்டையாகற மாதிரி தெரியுதுன்னு ஒரு முடிவு வந்திருக்கு. நம்ம கேலக்ஸி பால்வீதிக்கும் பக்கத்து பெரிய கேலக்ஸி ஆன்ட்ரோமெடாவுக்கும் நடக்கும்னு சொன்ன கல்யாணமும் முன்ன மாதிரி உறுதி இல்ல தெரியுமா, 2025ல வந்த கணக்குப்படி அடுத்த 1,000 கோடி வருஷத்துக்குள்ள நடக்கறதுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. ஜாதகம் பொருந்தல போல.

சேவை எப்படின்னு கேட்டா, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போன் ஆப்லயும் பண்ணலாம், விரலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளினா போதும், ஆனா மோதல் பாக்கணும்னா பெரிய ஸ்க்ரீன்தான், லைட்டை அணைச்சுட்டு பாருங்க, மங்கலான வாலு போன்ல தெரியாது. படத்தை முடிச்சதும் பேசற பக்கத்துக்கு போற வசதி இருக்கு, அதை விட்றாதீங்க. ஹன்னி வான் ஆர்கெல்னு நெதர்லாந்து டீச்சர் ஒருத்தங்க 2007ல, இந்தப் படத்துல கீழ என்ன நீலமா இருக்குன்னு கேட்கப் போயித்தான் ஒரு கேலக்ஸி அளவுக்கு ஒளிர்ற வாயு மேகமே கண்டுபிடிக்கப்பட்டுச்சு, இன்னிக்கும் அது அவங்க பேர்லதான் இருக்கு. இப்ப நாம அமுக்கறதை வச்சு ஜூபாட்னு ஒரு ஏஐயைப் பழக்கறாங்க, லேசான படங்களை அது பாத்துக்கும், நமக்கு கஷ்டமானது வரும், அதனால இட்லி எண்ணிக்கையும் கொறையும். எத்தனை தடவைங்கற கேள்விக்கு மட்டும் பட்டன்ல விடை கெடையாது, வாழைமரம் எத்தனை நாள் நிக்கும்னு தனியா தேடிப் படிச்சுக்கணும். 5க்கு நாலரை.

ஊருக்கு போறதுக்கு முந்தின ராத்திரி அவ சேர்ல உக்காந்து அம்பது படம் பாத்தா, நான் பக்கத்துல ஸ்டூல்ல. மோதல்னு அமுக்கினது ஒண்ணே ஒண்ணு. இன்னொண்ணுக்கு நான் மோதல்னேன், அவ ஒத்துக்கல, "சித்தப்பா, இது பஸ் ஸ்டாப்பு"ன்னுட்டு அடுத்த படத்துக்கு போயிட்டா.